ஒரு ரூபாய் எங்கே?

ஓடிடி தளங்களில் வரும் ஒரு மணி நேர ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சியில் எல்லாமே ஒழுங்காக இருக்கும். விளக்கு, உடை, சிரிப்பு எல்லாம் கச்சிதம். சிரிப்பு வராத இடங்களை எடிட்டர் வெட்டித் தள்ளியிருப்பார். எனக்கு அதைவிட ருசியாகப் படுவது, வார நாள் மாலையில் ஏதாவதொரு காபிக் கடையின் மாடியில் நடக்கும் ஓப்பன் மைக். அடையாறு பேக்யார்டு, ஆழ்வார்பேட்டை மேடை போன்ற சிறிய அரங்குகள் சென்னையில் இதற்கு இடம் கொடுத்து வந்திருக்கின்றன. கொஞ்சம் நாற்காலிகள், ஒரு மைக், பின்னால் ஒரு திரைத்துணி. பெயர் கொடுத்தவருக்கு நாலைந்து நிமிடம். பகலில் கணக்கு எழுதுகிறவர், கோடு எழுதுகிறவர், பல் பிடுங்குகிறவர் என்று யார் வேண்டுமானாலும் ஏறலாம். சம்பளம் கிடையாது. நன்றாகப் போனால் கைத்தட்டல். போகாவிட்டால் அதே கைத்தட்டல், கொஞ்சம் சீக்கிரமாக.

இப்படிப்பட்ட அறைகளில் ஒரு ஜோக் உருவாவதை நேரிலேயே பார்க்கலாம். இன்றைக்குக் கேட்டதை இரண்டு வாரம் கழித்து அதே ஆள் மறுபடி சொல்லுவார். சொற்கள் குறைந்திருக்கும், சிரிப்பு கூடியிருக்கும். எந்தச் சொல் போயிற்று, எது தப்பியது என்று கவனிக்கத் தொடங்கிவிட்டால், சிரிப்பது பாதி இன்பம்தான் என்று ஆகிவிடும்.

முதலில் கையைப் பாருங்கள். புதிதாக ஏறுகிறவர் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுப்பார், ஸ்டாண்டை அப்படியே முன்னால் விட்டுவிடுவார். அந்த இரும்புக் கம்பி அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஐந்து நிமிடமும் நிற்கும். பழகியவர் மைக்கை உருவியதும் ஸ்டாண்டைத் தூக்கித் தனக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். வைக்கும்போதே முதல் வரிசையை ஒரு பார்வை பார்த்திருப்பார். அந்த இரண்டு விநாடியில் அறை அவர் பக்கம் திரும்பிவிடும். ஒரு சொல்கூடப் பேசாமல் கிடைத்த கவனம் அது. புதியவரோ அதே இரண்டு விநாடியில் “எல்லாரும் எப்படி இருக்கீங்க?” என்று கேட்டிருப்பார். நாற்பது பேர் முணுமுணுப்பார்கள். எப்படி இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

சில கைகளில் எழுத்து இருக்கும். உள்ளங்கையில் பேனாவால் “மொய் – ஓனர் – பல்லி” என்று மூன்று சொல். மூன்று கதைக்கு மூன்று கொக்கி. வியர்வையில் நடுச்சொல் அழிந்துபோய், ஓனரே இல்லாமல் மொய்யிலிருந்து பல்லிக்குத் தாவியவர்களும் உண்டு. இன்னும் சிலர் கைப்பேசியில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, பக்கத்து ஸ்டூலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசுவார்கள். மறுநாள் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது அவர்கள் ஜோக்கை அல்ல; ஜோக்குக்கு அப்புறம் கூட்டம் என்ன செய்தது என்பதை.

இனி, அந்த மொய். மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர் சொன்னது. முதல் தடவை நான் கேட்டபோது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“எங்க பெரியம்மா பையன் கல்யாணம். திருமங்கலம் பக்கத்துல மண்டபம். ஏசி இருக்குன்னாங்க, ஆனா ஓடல. எங்க மாமா ஒருத்தர் வந்திருந்தாரு, கணக்கு வழக்குல ரொம்பக் கறார். ஐநூத்தி ஒரு ரூபா மொய் வெச்சாரு. அந்த ஒரு ரூபா எதுக்குன்னா, ரவுண்டா குடுத்தா உறவு முடிஞ்சிருமாம், அதனால சேர்த்து வெப்பாங்க. மைக்குல வாசிச்சவரு ஐநூறுன்னு வாசிச்சுட்டாரு. தாலி கட்டி முடிச்சதும் எங்க மாமா மேடைக்கே ஏறி, மைக்கை வாங்கி, ‘அந்த ஒரு ரூபா எங்கே’ன்னு கேட்டுட்டாரு. மண்டபமே ஆடிப்போச்சு.”

அறையில் புன்னகை இருந்தது, சிரிப்பு இல்லை. சில வாரங்களில் அது இப்படி ஆகியிருந்தது:

“கல்யாணம். எங்க மாமா மொய் வெச்சாரு, ஐநூத்தி ஒண்ணு. மைக்குல வாசிச்சாங்க, ஐநூறு. மாமா ஒண்ணும் சொல்லல. தாலி கட்டுற நேரம். கெட்டிமேளம். தாலி ஏறுது. மேளம் நிக்குது. மைக்கு மாமா கையில. ‘ஒரு ரூபா எங்கே?’”

பின்வரிசை வரைக்கும் சிரித்தது. என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். திருமங்கலம் போயிற்று, மண்டபம் எங்கே இருந்தால் என்ன? ஓடாத ஏசி போயிற்று. அது வேறொரு ஜோக்கின் முதல், இங்கே வந்து கடன்பட்டு நின்றது. மாமா கறார் என்ற அறிமுகம் போயிற்று. ஒரு ரூபாய்க்காக மேடை ஏறுகிறவரைக் கறார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? மொய்யில் ஒரு ரூபாய் ஏன் சேர்ப்பார்கள் என்ற விளக்கமும் போயிற்று. மொய் எழுதி வளர்ந்த கூட்டத்துக்கு அதை விளக்கினால், தனக்குத் தெரிந்ததையே பாடமாகக் கேட்பதில் அது சற்றுச் சோர்ந்துவிடும்.

இதிலெல்லாம் பெரிய நுட்பம் கடைசியில் இருக்கிறது. பிறர் பேசியதை எடுத்துச் சொல்லும்போது நம் வாக்கியம் இயல்பாகவே “என்று கேட்டார்”, “ன்னு சொன்னாரு” என்றுதான் முடியும். வீட்டிலும் அலுவலகத்திலும் அது பொருத்தம். மேடையில் அதுவே பகை. சிரிக்க வேண்டிய சொல் ‘எங்கே’. கூட்டம் வாயைத் திறக்கும் நேரத்தில் ‘ன்னு கேட்டுட்டாரு’ குறுக்கே வந்து நிற்கிறது. சிரிப்பு ஒரு கணம் தயங்குகிறது, தயங்கிய சிரிப்பு திரும்பி வருவதில்லை. மனிதர் செய்தது, அந்த வாலை வெட்டியதுதான். யார் பேசுகிறார் என்பதை “மைக்கு மாமா கையில” என்று முன்னாலேயே காட்டிவிட்டார். அதற்கப்புறம் வரும் கேள்வி யாருடையது என்று எவருக்கும் சந்தேகம் இல்லை. ‘எங்கே’யோடு வாக்கியம் முடிகிறது. அதற்குப் பிறகு அவர் வாய் மூடியிருக்கிறது.

“மண்டபமே ஆடிப்போச்சு” போனதும் நல்லதற்கே. அது, அங்கிருந்தவர்கள் வியந்தார்கள், நீங்களும் வியந்து வையுங்கள் என்று கேட்கும் வேண்டுகோள். இத்தனையும் கழித்த மனிதர் ஒரு முக்கியமான வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறார்: “மாமா ஒண்ணும் சொல்லல.” அந்த மூன்று சொல்லில்தான் மாமா முகூர்த்தம் முழுக்க உட்கார்ந்து மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேளம் நின்றதும் விழும் நிசப்தம் கதையிலும் இருக்கிறது, அறையிலும் இருக்கிறது. அவர் அந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துகிறார். இரண்டு நிசப்தமும் ஒன்றாகிற இடத்தில் ஒரு ரூபாய் விழுகிறது.

இந்த நிறுத்தத்தைத் தமிழ்க் காதுக்குப் பழக்கியவர்களில் தென்கச்சி கோ. சுவாமிநாதனை மறக்க முடியாது. வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொல்லும்போது, கடைசியில் வரும் குட்டிக் கதையை அவர் துளியும் சிரிக்காமல் சொல்லுவார். குரல் ஏறாது, இறங்காது. இங்கே சிரிக்க வேண்டும் என்று எந்த அடையாளமும் தரமாட்டார். அதனாலேயே கேட்டவர்கள் அடுப்படியில் கரண்டியோடு நின்று சிரித்தார்கள். ஓப்பன் மைக்கில் ஏறும் பல இளைஞர்களுக்கு அந்த நிகழ்ச்சி நினைவில்கூட இருக்காது. ஆனால் தான் சொன்னதற்குத் தானே முதலில் சிரித்துவிட்டால் கூட்டத்துக்கு வேலை இல்லாமல் போகிறது என்பதைச் சில மாலைகளிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

சிரிப்பு வந்த பிறகு என்ன செய்வது என்பது இன்னொரு கலை. சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். உச்சியில் இருக்கும்போதே அடுத்த வரியைச் சொன்னால் யாருக்கும் கேட்காது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் அறை ஆறிப்போகும். இறங்கிக்கொண்டிருக்கிற வேளையில், இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அடுத்த சொல்லை எடுக்க வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. நடுங்குகிறவர் சிரிப்பின் மேலேயே பேசிக்கொண்டு போவார், வராது என்று எதிர்பார்த்ததால். அது வந்ததே அவர் காதில் விழுந்திருக்காது.

பேச்சு வழக்கின் சுவையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை அறைகளில் ஆங்கிலமும் தமிழும் கலந்துதான் ஓடும். கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: அலுவலகம், அப்ரைசல், டேட்டிங் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், அம்மா வாயைத் திறந்ததும் தமிழ். சிரிப்பு பெரும்பாலும் அம்மா பக்கம்தான் விழும். ஊர் வழக்கைச் சென்னைக்காகத் துடைத்துவிட்டு வந்து பேசுகிறவர்கள் முதலில் தடுமாறுவார்கள். துடைக்காமல் வருகிறவர்களுக்குப் பாதி வேலையை ஊரே செய்து கொடுத்துவிடும். ஈரோட்டுப் பக்கத்துப் பெண் ஒருவர் வாடகை வீட்டுக் கதை ஒன்று சொன்னார். வாடகை பாக்கி. ஓனர் வாசலில் வந்து நிற்கிறார். கோபம் தலைக்கேறிய ஆள். கேட்கிறார்: “வீட்ட நீங்களே காலி பண்ணிக்கிறீங்களா, இல்ல நாங்க சாமானெல்லாம் எடுத்து வெளிய வெச்சுத் தரட்டுங்களா?”

எல்லாம் அந்த ‘வெச்சுத் தரட்டுங்களா’வில் இருக்கிறது. வீசி எறிகிறேன் என்கிற மிரட்டல், ஒத்தாசைக்கு வருகிறேன் என்கிற உடையில் வருகிறது. கொங்கு நாட்டு மரியாதை கோபத்திலும் கழலாது. அந்தப் பெண் ஓனரைப் போல நடித்துக் காட்டவில்லை, குரலை மாற்றவில்லை. தலையை மட்டும் சற்றுச் சாய்த்தார், உதவி செய்ய வருகிறவர் சாய்ப்பாரே, அந்த அளவுக்கு. கோவைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். மற்றவர்கள் அரை விநாடி கழித்துச் சிரித்தார்கள். அந்த அரை விநாடி இடைவெளியைக் கேட்பதே ஒரு சுகம்.

தனியாள் நின்று பேசிச் சிரிக்கவைப்பது நமக்குப் புதிதில்லை. நந்தனார் காலட்சேபத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு என்.எஸ். கிருஷ்ணன் ‘கிந்தனார்’ சொன்னார். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அதை இன்றும் பார்க்கலாம். சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றங்களில், தீர்ப்பைவிட இடையில் வரும் மதுரைப் பேச்சுக்காகக் காத்திருந்த வீடுகள் எத்தனையோ. 2005-இல் விஜய் டிவியில் ‘கலக்கப் போவது யாரு’ தொடங்கியபோது குரல் நகலெடுப்பும் துணுக்கும் கை கோத்தன. சிவகார்த்திகேயன் அந்த வழியாக வந்தவர். சென்னையில் ஸ்டாண்ட்-அப் முதலில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசிற்று. அமேசான் பிரைமில் 2017-இல் அரவிந்த் எஸ்.ஏ.வின் ‘மெட்ராஸி டா’ வந்தது. ஐடி வேலையை விட்டு வந்த அலெக்சாண்டர் பாபு, 2019-இல் ‘அலெக்ஸ் இன் ஒண்டர்லேண்ட்’டில் பாட்டையும் பேச்சையும் பின்னித் தமிழிலேயே நின்றார். 2020-இல் ‘காமிக்ஸ்டான் செம்ம காமெடி பா’ என்று போட்டியே வைத்தார்கள். இவற்றைப் பார்த்துவிட்டு, நாமும் ஒரு கை பார்க்கலாம் என்று பெயர் கொடுக்கிறவர்களால்தான் மாடி அறைகள் நிறைகின்றன.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்களாக நான்கைக் காட்டினார்: பிறரை எள்ளுவது, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, மடமை. ஓப்பன் மைக்கில் ஒருவர் தேர்வதை இந்த நான்கை வைத்தே பின்தொடரலாம். ஏறக்குறைய எல்லோரும் எள்ளலில்தான் தொடங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர், மேலாளர், வடக்கிலிருந்து வந்த அறைத் தோழர், மனைவி. இரண்டு மாலை சிரிப்பு வரும், மூன்றாவதில் சலிக்கும். பிறகு மெல்லத் தன் மடமைக்கு வருவார்கள். மொய்க் கதையில்கூட, பிற்பாடு மருந்துப் பிரதிநிதி ஒரு வரி சேர்த்தார்: “எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டாங்க. நான் கீழே தேடினேன்.” மாமாவை எள்ளிக்கொண்டிருந்த கதை அந்த வரியில் சொல்பவர் பக்கம் திரும்பிவிட்டது. மாமாவின் ரத்தம்தான் நமக்கும் என்று ஒப்புக்கொண்ட ஆளை யார்தான் விரும்பமாட்டார்கள்?

சிரிப்பே வராத ஐந்து நிமிடத்துக்கும் ஒரு நயம் உண்டு. மின்விசிறியின் சத்தம் கேட்கும். யாரோ ஸ்ட்ராவில் ஜூஸின் அடியை உறிஞ்சுவது கேட்கும். அப்படி ஒரு மாலையில், ஒருவர் தன் முக்கியமான வரியைச் சொல்லி முடித்தார். அமைதி. கீழே காபி மெஷின் நீளமாக “உஸ்ஸ்…” என்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது பரவாயில்ல. உஸ்ஸுன்னாவது சொல்லுது.” அன்றைய மாலையின் பெரிய சிரிப்பு அதற்குத்தான். எழுதி வந்தது எதுவும் எடுபடவில்லை. எழுதாதது ஒன்று அவரைக் கரை சேர்த்தது. மறுவாரமே அதைத் திட்டமிட்டுச் சொல்லப் பார்த்தார். மெஷின் ஒத்துழைக்கவில்லை.

இந்த இடத்தில் தொகுப்பாளரின் அருமை தெரியும். ஒருவர் விழுந்துவிட்டு இறங்கியதும் அறை கனத்துப்போயிருக்கும். மோசமான தொகுப்பாளர் விழுந்தவரைக் கிண்டல் செய்து சிரிப்பு சம்பாதிப்பார். நல்லவர் அந்தப் பெயரை ஒரு முறை மரியாதையோடு சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் ஒருவரிடம் “என்ன வேலை சார்?” என்று ஆரம்பிப்பார். பதில் எதுவானாலும் பரவாயில்லை. அரை நிமிடப் பேச்சில் கூட்டம் தன்னைப் பற்றி நினைக்கத் தொடங்கியிருக்கும், முன்னால் நடந்ததை மறந்திருக்கும். அடுத்து ஏறுகிறவருக்குத் துடைத்த மேடை கிடைக்கும். இதற்காக அவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, செய்ததே தெரியாதபடி செய்வதால்.

எடுபடாதவரை இறக்க லண்டன் காமெடி ஸ்டோரில் 1979-இல் காங் மணி அடித்தார்கள். மணி விழுந்தால் இறங்கியே ஆக வேண்டும். நம் அறைகளில் நேரம் முடிவதைச் சொல்லப் பின்னாலிருந்து கைப்பேசி டார்ச் ஒன்று எரியும். இன்னும் ஒரு நிமிடம் என்று அர்த்தம். கூட்டத்துக்குத் தெரியாது, பேசுகிறவர் கண் மட்டும் ஒரு கணம் மேலே போய் வரும். புதியவருக்கு அப்போது வேகம் கூடிவிடும். மிச்சமிருக்கும் மூன்று ஜோக்கையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டு இறங்குவார். தேர்ந்தவர் இரண்டை அங்கேயே விட்டுவிடுவார்.

அந்தப் பின்சுவர்ப் பக்கம் நிற்பவர்கள், தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மற்ற பேச்சாளர்கள். அவர்கள் சிரிப்பது அபூர்வம். எத்தனையோ மாலை கேட்டுக் காது காய்த்தவர்கள். மிக நல்ல வரி ஒன்று விழுந்தால், சபாவில் சங்கதி பிடித்துப்போன ரசிகரைப் போலத் தலையை ஒரு தடவை ஆட்டி “நல்லாருக்கு” என்று மெல்லச் சொல்லிக்கொள்வார்கள். சிரிப்பில்லாத அந்த ஒரு சொல்லுக்காக, முன்னால் உள்ள அத்தனை பேரின் சிரிப்பையும் கொடுக்கத் தயாராக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

மருந்துப் பிரதிநிதியின் மாமாவுக்கு அந்தத் தலையாட்டல் ஒரு நாள் கிடைத்தது. அன்று மொய்க் கதையை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டு, பல்லி, பைக், டாக்டர்களின் காத்திருப்பு அறை என்று எங்கெங்கோ போனார். எல்லோரும் மாமாவை மறந்தாயிற்று. டார்ச் எரிந்தது. மைக்கை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: “டிக்கெட் தொண்ணூத்தி ஒம்போது ரூபா. நூறு குடுத்தவங்க கவலைப்படாதீங்க. மாமா வந்திருக்காரு.”

கால்பேக் என்று தொழிலில் சொல்லும் உத்தி இது. முன்னால் வைத்ததை, மறந்துபோன நேரத்தில் எடுத்துத் தருவது. சுலபம் போலத் தோன்றும். நான்கு நிமிடத்துக்கு முந்தைய ஒரு ரூபாயைக் கூட்டம் தானாகத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. “அதான் மொய் வெச்ச மாமா” என்று ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் போயிற்று. கல்யாண மண்டபத்தில் அல்பமாக நின்ற ஆள், இங்கே நம் பக்கத்து வக்கீலாக ஆகிவிட்டார். ஒரே குணம், இரண்டு இடம். முதல் சிரிப்பில் மாமாவைப் பார்த்துச் சிரித்தோம், இரண்டாவதில் மாமாவோடு சேர்ந்து சிரித்தோம்.

இவ்வளவும் ரசிக்கப் பெரிய பயிற்சி வேண்டாம். நடுவரிசையில் உட்காருங்கள், கைப்பேசியை உள்ளே வையுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன்: பாவம் என்று சிரித்து வைக்காதீர்கள். மேலே நிற்பவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அவர் அந்தச் சிரிப்பை நம்பி, போக வேண்டிய வரியை வீட்டுக்குப் பத்திரமாக எடுத்துப் போய்விடுவார். மாமாவின் கதையில் திருமங்கலத்தையும் ஓடாத ஏசியையும் வெட்டியது, முதல் நாள் அங்கே உட்கார்ந்து சிரிக்காமல் இருந்தவர்கள்தான். வந்தால் வாய்விட்டுச் சிரியுங்கள், வராவிட்டால் சும்மா இருங்கள். இரண்டுமே எழுதுகிறவருக்குச் செய்யும் உபகாரம்.